ஃபோர்மேனின் பூட்ஸில் என் கால் பட்டது

1978 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, சவூதியில் நாங்கள் இருந்த தம்மாமிலிருந்து ஜுபைலுக்கு நானும் கணவரும் கிளம்பினோம். ஊர் பார்க்க அல்ல. ஜுபைல் துறைமுக வேலையில் வெல்டராக இருந்த என் தம்பி சேகருக்கு வைகாசியில் கல்யாணம். அவனுடைய கொரிய ஃபோர்மேன் இரண்டு தடவை லீவு மறுத்துவிட்டார். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மாப்பிள்ளைதான் பாக்கி!

நூறு கிலோமீட்டர், ஷேர் டாக்ஸியில் ஆளுக்குப் பத்து ரியால், ஒன்றரை மணி நேரம். "நீ பேசாதே, நான் பேசிக்கறேன்" என்று வழியெல்லாம் கணவர் சொல்லிக்கொண்டே வந்தார். கேம்ப் வாசலில் சேகர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"எவ்ளோ மரியாதையா கேட்டேன் தெரியுமாக்கா? இடது கையப் பின்னாடி வெச்சுக்கிட்டு, சோத்துக் கையாலதான் பேப்பரை நீட்டினேன். அந்தாளு மூஞ்சியே மாறிடுச்சு."

ஃபோர்மேன் பாக் ஐம்பது வயதுக்காரர். அவருடைய தகர அறையில் நாற்காலிகளுக்கு நடுவே நுழைந்தபோது என் கால் அவர் பூட்ஸில் பட்டுவிட்டது. ஐயோ என்று குனிந்து, பூட்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மனிதர் பதறி எழுந்து இடுப்பு வரை குனிந்தார். வயதில் பெரியவர் குனிகிறாரே என்று நான் கும்பிட்டுக் குனிந்தேன். அவர் இன்னும் தாழ்ந்தார். பேச வந்த என் கணவரும் சேர்ந்து குனிந்தார்!

நான் முறுக்கு டின்னை இரண்டு கையாலும் கொடுக்க, அவரும் அப்படியே வாங்கிக்கொண்டார். பிறகு சேகரைப் பார்த்து, ஒரு கையைப் பின்னால் ஒளித்துக் காட்டி, "நோ" என்றார். இரண்டு கையையும் நீட்டி, "திஸ்" என்றார். நம் மரியாதை அவருக்கு அவமரியாதையாகப் பட்டிருக்கிறது. சேகர் பேப்பரை இரண்டு கையால் நீட்டினான். முப்பது நாள் லீவு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது, நம்பிப் போகாதீர்கள். ஆனால் கொரியப் பெரியவர்களுக்கு எதையும் இரண்டு கையால் கொடுங்கள், வாங்குவதும் அப்படியே. வெள்ளிக்கிழமை என்றால் மதியத் தொழுகைக்குக் கடை, வண்டி எல்லாம் நின்றுவிடும்; அதற்கு முன்பே போகிற ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

கிளம்பும்போது, "நீங்க எப்ப ஊருக்கு?" என்று ஃபோர்மேனிடம் சேகரை விட்டுக் கேட்கச் சொன்னேன். வந்து மூன்று வருடம் என்று விரல்களைக் காட்டினார். மகள் இருக்கிறாளாம். விட்டு வந்தபோது இருந்த உயரத்தை முழங்காலருகே கையை வைத்துக் காட்டினார். இப்போதைய உயரத்துக்குக் கையை மெல்ல உயர்த்தினார். எங்கே நிறுத்துவதென்று அவருக்குத் தெரியவில்லை.