நாலு பேருக்கும் ஒரே பாடம்

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் ஜெசிந்தினி டீச்சர் ஏசுவார். எதிரே நிற்கிற முகம் தெளிவாகத் தெரிந்தால் கோபம் பாதியிலேயே வடிந்துவிடும் என்பது அவருக்கே தெரியும். பத்தாம் தரத்துப் பிள்ளைகள் விருப்பப்பட்ட தொகுதிப் பாடம் ஒன்றைத் தெரிவு செய்யும் நாட்களில் கண்ணாடி மேசையிலேயே கிடக்கும்.

"இப்பாடத்தை ஏன் தெரிவு செய்கிறீர்?" என்று படிவத்தில் ஒரு கட்டம். பிள்ளைகள் கொஞ்சம் யோசிக்கட்டுமே என்று டீச்சர் தானாகச் சேர்த்தது. இந்த வருடம் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவிலிருந்து வரும் நான்கு பெண்களும் மனைப்பொருளியல் என்று போட்டு, அந்தக் கட்டத்தில் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: 'நாங்கள் ஒன்றாகப் போய் வருவோம்.'

"பாடம் எடுக்கிறீங்களா, பஸ்ல எடம் புடிக்கிறீங்களாடி? நாளைக்கு நாலு பேரும் ஒரே மாப்பிள்ளையவா கட்டப்போறீங்க?"

"அவன் பாவம் டீச்சர்" என்றாள் நிலுக்ஷி. மற்ற மூவரும் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மனைப்பொருளியல் படிப்பிப்பவர் ஜெசிந்தினி டீச்சரேதான். தன் வகுப்பு நிரம்பினால் எரிச்சல்படுகிற ஒரே ஆசிரியர் அவராகத்தான் இருக்கும். பசறைப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் அவர் படித்தபோது அந்த ஒரு பாடத்துக்குத்தான் படிப்பிக்க ஆள் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போய் வீட்டின் முதல் பட்டதாரியானார். பிடித்துத்தான் படித்தோமா என்று, மாவு பிசைந்து காட்டும்போது சில நாள் தன்னையே கேட்டுக்கொள்வார். பதில் வருவதற்குள் மணி அடித்துவிடும்.

நால்வரில் தயானி வேறு மாதிரி. மூன்று ஆசிரியர்கள் தட்டிப் பார்த்துக் கைவிட்ட அலுவலகப் பிரிண்டரை ஓட வைத்தவள். அவளுக்குக் கம்ப்யூட்டர்தான் ஆசை. ஆனால் அந்தப் பாடத்துக்கான ஆசிரியர் பண்டாரவளையிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறார். பாடம் பள்ளி விட்ட பிறகு, மூன்றரை வரை.

டீச்சர் ஆள் அனுப்பியதும் அவளுடைய அம்மா யோகம்மா கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே வந்துவிட்டார்.

"கம்ப்யூட்டரப் படிக்கட்டும்னு நீங்க சொல்றது சரிதாங்க டீச்சர். மத்த மூணு புள்ளைங்களும் ஒன்றரைக்கே போயிருமே. ரெண்டு மைலுக்கு ஒரு வீடு இல்ல. பனி எறங்குனா முன்னால போற ஆளு தெரியாது. பொம்பளப் புள்ளைய ஒத்தையில எப்பிடிங்க விடுறது?"

யாரை ஏசுவதென்று தெரியாத எரிச்சலில் டீச்சர் பாட நேரசூசியை இழுத்தார். வியாழன் காலையிலிருந்த மனைப்பொருளியலை வெட்டினார். அதைச் செவ்வாய் பிற்பகலில் எழுதினார்.

"மூணு என்கிட்ட. ஒன்னு கம்ப்யூட்டர்ல. மூன்றரைக்கு நாலும் ஒன்னா மேல ஏறட்டும். போதுமா?"

"அப்பன்னா சரிங்க" என்றார் யோகம்மா.

பக்கத்து மேசை ஆசிரியர் றொனி சேர் எட்டிப் பார்த்தார்.

"ஒங்களுக்கென்ன டீச்சர், பைத்தியமா? மூணு மணிக்கு மேல வீடு போக பதுளைக்கு பஸ் ஏதுங்க ஒங்களுக்கு?"

டீச்சர் எழுதியதன் மேலேயே பேனாவை வைத்து, அடுத்த தாளிலும் பதியும்படி அழுத்தி, இன்னொரு முறை எழுதினார்.