தேவையும் கேட்பும்

ஏம்பலத்துக் கல்பனா கல்லூரியில் படித்தது வணிகவியல். பொருளாதாரத்தை அவள் தானாகவே கற்றுக்கொண்டாள்: பழைய பாடநூல்களை வாங்கி, புரியாத பத்தியைப் புரியும்வரை திரும்பத் திரும்பப் படித்து. மதகடிப்பட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் டுடோரியலில் ஒன்பது வருடமாக அவள்தான் பொருளாதார மிஸ். பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வர்களாக எழுதுகிறவர்கள்தான் அங்கே படிக்க வருவார்கள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் விளங்காமல் யாரையும் அடுத்த வரிக்குப் போக விடமாட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஆதிலட்சுமி வந்து சேர்ந்தாள். வயது முப்பத்தொன்பது. அங்கன்வாடியில் உதவியாளர். பன்னிரண்டாவது தேறினால் அங்கேயே பணியாளராக உயரலாம். நாற்பது ஆகிவிட்டால் முடியாது. மற்ற பாடங்களில் தேறிவிட்டாள். பொருளாதாரம் மட்டும் மூன்று தடவை போய்விட்டது. இனி ஒரே ஒரு தேர்வுக்குத்தான் வயது இருந்தது.

முதல் வாரமே முட்டிக்கொண்டது. 'விலை உயர்ந்தால் தேவை குறையும்' என்று கல்பனா பலகையில் எழுதினாள்.

"இன்னா மிஸ் இது? அரிசி வெல ஏறிச்சின்னா எங்க வூட்ல பசி கொறஞ்சிடுமா?"

"அக்காவுக்குக் கொறயவே கொறயாது மிஸ்," என்றான் ஷேர் ஆட்டோ ஓட்டும் பாக்யராஜ்.

"நீ வாய மூடுறா. போண்டா வெல ஏறினப்பகூட நாலு துன்னவன் நீ."

சிரிப்பு அடங்கும்வரை கல்பனா காத்திருந்தாள். கேள்வி நியாயமானது.

"வூட்டுக்கு வேணுங்கிறது வேறக்கா. கையில காசோட கடையில போயி கேக்கறது வேற. புக்குல ரெண்டாவதத்தான் தேவைங்கிறாங்க. நீங்க அத கேட்புன்னு நெனச்சுக்குங்க. வெல ஏறினா கேட்பு கொறயும்."

ஆதிலட்சுமியின் முகம் தெளிந்தது. "இத மின்னாடியே யாராவது சொல்லியிருந்தா மூணு வாட்டி ஃபெயிலாயிருப்பனா?"

அந்தத் தேர்விலும் தோற்றாள். இரண்டு மதிப்பெண் குறைவு.

விடைத்தாள் நகலை வாங்கி இருவரும் பார்த்தார்கள். தேவை விதியை விளக்கச் சொன்ன ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தாள்: 'விலை உயர்ந்தால் தேவை குறையாது. கேட்புதான் குறையும்.' வரி முழுக்கச் சிவப்புக் கோடு. ஓரத்தில் பூஜ்ஜியம்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். கல்பனா ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி இணைத்தாள். மாற்றமில்லை என்று பதில் வருவதற்குள் ஆதிலட்சுமிக்கு நாற்பது ஆகிவிட்டது.

"நான் எழுதினது தப்பா மிஸ்?"

"தப்பில்லக்கா."

"அப்ப யாராண்ட போயி சொல்றது?"

கேட்பு என்பது விளங்கிக்கொள்ள மட்டும்தான், தேர்வில் தேவை என்ற பாடநூலின் சொல்லையே எழுத வேண்டும் என்று கல்பனா ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றே தோன்றவில்லை. ஆதிலட்சுமி அவளைக் குறை சொல்லவும் இல்லை. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட நேரமாகிவிட்டது என்று பஸ் ஏறிப் போனாள்.

இப்போதெல்லாம் கல்பனா பாடநூலில் இருப்பதை ஒரு எழுத்து மாறாமல் எழுதவைக்கிறாள். யாராவது அர்த்தம் கேட்டால், பரீட்சை முடிந்ததும் வாங்க, சொல்கிறேன் என்கிறாள். பரீட்சை முடிந்து இதுவரை ஒருவரும் வந்து கேட்டதில்லை.