பாராட்டு வராத துப்பாக்கி

விமான நிலையத்தில் பை சோதிக்கும் பெண்மணி ஒருவர், துப்பாக்கியைக் கண்ணால் கண்டும் "போயிட்டு வா ராசா" என்று வழியனுப்பி வைத்தாராம். முடிதிருத்தும் கடையில் பேசிக்கொண்டார்கள். வாய்க்கு வாய் வளர்ந்து அது பீரங்கியாவதற்குள் விசாரித்துவிடலாமென்று அவர் வீட்டுக்கே போனேன்.

சக ஊழியர்கள் அவரை 'ஸ்கேன் அக்கா' என்கிறார்கள். கணவருக்கு ஒரே குறை: "டிபன் பாக்ஸை மூடி திறக்காமலே உத்துப் பாக்கிறா சார்."

அக்கா சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை.

அவர் வேலை திரைமுன் உட்கார்ந்து பைகளின் உள்ளே பார்ப்பது. பார்ப்பவர் கண்ணயர்ந்துவிடக் கூடாதல்லவா? அதற்காகக் கணினியே அவ்வப்போது யாரோ ஒருவர் பைக்குள் இல்லாத துப்பாக்கியைப் படமாகச் செருகிவிடும். பொத்தானை அழுத்தினால், 'சரியாகக் கண்டுபிடித்தீர்கள், பாராட்டுகள்' என்று எழுத்து வரும். துப்பாக்கி மறைந்துவிடும்.

"நிஜத்துல பாத்திருக்கீங்களா?"

"இல்ல. படம் வரும், பாராட்டு வரும், போயிடும்."

போன மாதம் ஒரு கறுப்புப் பையில் துப்பாக்கி தெரிந்தது. அழுத்தினார். பாராட்டைக் காணோம். மறுபடி அழுத்தினார். துப்பாக்கி அசையவில்லை. மெஷின் மாட்டிக்கொண்டது என்று முடிவுகட்டி, பையை அனுப்பிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் வருவதற்குள் பைக்காரரே வந்து நின்றார். பயணி வேடத்தில் மேலிடம் அனுப்பிய அதிகாரி. இத்தனை காலம் அக்கா பிடித்ததெல்லாம் படத்துப் பொய். இது பைக்குள்ளேயே இருந்த அசல் பொம்மைத் துப்பாக்கி.

"அப்ப மனசு எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல சார். மெஷின் ரிப்பேர் இல்லையேன்னு இருந்துச்சு."

கணவரின் பட்டறை மூடிக் கிடக்கிறது. வீட்டுக்கு வருவது அக்காவின் சம்பளம் ஒன்றுதான். வேலை போய்விடும் என்று இருவரும் காத்திருந்தார்கள். போகவில்லை. அதே பை அன்று எல்லா வரிசையிலும் நுழைந்து, எல்லா வரிசையிலும் சுகமாக வெளியேறியிருந்தது. எல்லோரையும் நீக்கினால் நிலையத்தையே பூட்ட வேண்டும். ஆகவே எல்லோருக்கும் ஒரு பயிற்சி வகுப்பு, முடிவில் ஒரு சான்றிதழ். அக்காவுடையது சுவரில் தொங்குகிறது, கொஞ்சம் சாய்வாக.

அன்று காலை அதே வரிசையில் ஒன்று மட்டும் தப்பவில்லை: அக்காவின் சொந்த அண்ணனுடைய நகவெட்டி. புதிதாக வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் பிடுங்கினார். நான் இருக்கும்போதே அண்ணன் போனில் வந்தார்.

"யானை போயிடுச்சு, வால் மாட்டிக்கிச்சு. என் நகவெட்டி எங்கம்மா?"

"வாங்கிடறேன்ணே."

"நகம் வளந்துக்கிட்டே இருக்கு. அது உன் லீவுக்கெல்லாம் காத்திருக்காது."

போனை வைத்தார் அக்கா.

"மறந்துட்டீங்களா?" என்றேன்.

"இல்ல சார். ரெண்டு தடவை கடைக்குப் போனேன். நகவெட்டியப் பாத்ததும் கை தன்னால எடுத்து ஓரமா வெச்சிடுது. வெறுங்கையோட வந்துடறேன்."