மகளிடம் கேட்ட ஒரு சந்தேகம்

சென்ற மழைக்காலத்தில் எட்டு வாரம், யாங்கோனில் என் காலை முக்கால் லிட்டர் தண்ணீரோடு தொடங்கியது. தாகத்துக்குக் குடித்ததல்ல. குடித்துவிட்டு ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தவனுக்கு மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் கதிர்வீச்சு குடலில் படாமல் விழவேண்டிய இடத்தில் விழுமாம். மருத்துவமனையின் நீண்ட பெஞ்சில் லுங்கி கட்டிய ஏழெட்டு ஆண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தொடையை இறுக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். வெளியே மழை கொட்டும். அந்தச் சத்தம் எங்களுக்குப் பெரிய சோதனை.

நான் தூத்துக்குடிக்காரன். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல், உளுந்து ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து இங்கே வந்தேன். அலோன் படகுத்துறைக் கிடங்கில் மூட்டைகளைக் குத்திப் பார்த்துத் தரம் சொல்வது வேலை. தாமுவேயில் மூன்றாம் மாடியில் ஓர் அறை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். குரல் இருக்கிறதா என்று பார்க்கச் சும்மா இருமிக்கொள்வேன்.

நோய் வந்ததை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் என் ஒரே மகள் தேன்மொழிக்கும் சொல்லவில்லை. வந்த இடம் அப்படி. எந்த வார்த்தையைக் கொண்டு ஒரு மகளிடம் அதைச் சொல்வது?

முதல் நாள், குளிர்ந்த மேசையில் படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். இயந்திரம் என்னைச் சுற்றி வந்து நின்றது. ஒலிபெருக்கியில், இயந்திரத்தை இயக்கும் மா சூ என்ற பெண்ணின் குரல், "பீபி, பீபி" என்றது. நிறைந்த வயிற்றோடு படுத்திருந்தவன், ஏதோ அசிங்கம் செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று பதறி இரண்டு கையாலும் லுங்கியைத் தடவிப் பார்த்தேன். வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் சிரித்தார்.

"அது ஒண்ணுமில்ல தம்பி. பீபின்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். பயந்துட்டீங்களா?"

அவர்தான் ஊ முருகையா; வயதானவர்கள் பெயருக்கு முன்னால் இங்கே மரியாதைக்கு 'ஊ' போடுவார்கள். மூன்று தலைமுறைக்கு முன் துறைமுகத்தில் மூட்டை சுமக்க வந்த குடும்பம். அவருக்கும் அதே நோய்தான். அன்று அவர் பரிசோதனைக்கு வந்திருந்தார்; சிகிச்சை என்னைவிட இரண்டு வாரம் பிந்தித் தொடங்கியது. "வீட்ல பேரப்புள்ளைகளுக்குத் தமிழ் வெளங்கும், பேச வராது. நான் தமிழ்ல கேட்டா அதுக பர்மாவுல பதில் சொல்லும்" என்றார். அதன்பின் பெஞ்சில் அவருக்குப் பக்கத்து இடம் என்னுடையதானது.

தேன்மொழியின் வேலை இதே நோயைப் பற்றியதுதான் என்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும். முன்பெல்லாம் அவள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். இப்போது ஞாயிறு மதியங்களில் நானே கூப்பிட்டு, "என்னம்மா செய்றீங்க அங்க, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றேன். அவள் குரல் மலர்ந்ததை இங்கிருந்தே கேட்டேன். கதிர் பட்டால் புற்றுச் செல்லின் டி.என்.ஏ. இழை அறுந்துபோகும், ஆனால் செல் சும்மா இருக்காது, அறுந்ததைத் தானே ஒட்டிப் பிழைத்துக்கொள்ளும், அந்த ஒட்டுவேலையை ஒரு மருந்தால் தடுத்துவிட்டால் அதே கதிர் இன்னும் நன்றாகக் கொல்லும், அந்த மருந்தைத்தான் தேடுகிறோம் என்றாள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிர் கொடுப்பது, அடிபட்ட நல்ல செல்கள் இடையில் தேறிக்கொள்ளத்தான் என்றும் சொன்னாள். நான் உம் கொட்டினேன். அவள் பிறந்ததிலிருந்து நாங்கள் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

நாலாம் வாரத்தில் ஒரு நாள் தண்ணீர் குடித்துக் காத்திருந்தபோது மின்சாரம் போனது. "மீ போச்சு தம்பி" என்றார் முருகையா. ஜெனரேட்டர் விளக்குகளுக்குப் போதும். அந்த இயந்திரத்துக்குப் போதாது. மறுநாளும் அதே கதை. மா சூ கைகூப்பாத குறையாக எங்களைத் திருப்பி அனுப்பினாள். அறைக்கு வந்த எனக்கு ஒரே நினைப்பு. உள்ளே அந்தச் செல் அறுந்ததை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஞாயிறுவரை பொறுக்க முடியாமல் மகளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, ரெண்டு நாள் கதிர் கொடுக்காம விட்டா அந்தக் கெட்ட செல்லு பழையபடி எந்திரிச்சிடுமா?"

"எங்க லேப் தட்டுல வளர்ற செல்லுக்கு நாங்க லீவு விட மாட்டோமேப்பா" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நாள் விட்டுப்போறது ஆஸ்பத்திரியிலதான். யாருக்குப்பா?"

"இங்க தெரிஞ்ச ஒருத்தர்..."

"அப்பா."

"எனக்குத்தான்மா."

டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரெண்டு நாளில் ஒன்றும் ஆகாது, விட்டதைக் கடைசியில் சேர்த்துக் கொடுப்பார்கள் என்றாள்.

"இத்தனை நாளா என் வேலையைப் பத்திக் கேட்டது இதுக்குத்தானா?"

"முதல்ல இதுக்குத்தான். அப்புறம் இல்ல."

உன் மருந்து எனக்குக் கிடைக்காதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இன்னும் இல்லப்பா. அது நல்ல செல்லையும் தொடுது" என்றாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். அறைக்குள் போனைப் பிடித்தபடி நின்றேன். துடைத்துவிட எட்டாத தூரத்தில் ஒரு முகம்.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில், இந்த நோயைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு இறங்கியிருந்தது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். நான் சொல்ல நினைப்பது சிகிச்சை முடிந்த மறுநாளைப் பற்றி. அன்று எனக்கு மருத்துவமனையில் வேலையில்லை. இருந்தும் போனேன். முருகையாவுக்கு இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தது, நடை தளர்ந்துபோயிருந்தார். கதவு திறந்து அவர் வெளியே வந்த நேரம் தேன்மொழி கூப்பிட்டாள்.

"டிக்கெட் பாத்துட்டேன்பா. போதும், வந்துருங்க."

முருகையா என் தோளைப் பிடித்துக்கொண்டார். போனில் யார் என்பது அவருக்குத் தெரியும். "நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்க, இல்ல?" என்றார் மெதுவாக.

"வர்றேன்" என்றேன், போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவர் முகத்தைப் பார்த்து.

அவர் தலையசைத்தார். "சரிப்பா" என்றாள் மகள்.