'கு' போட்ட இல்லை, 'ஜ' போட்ட இல்லை

மற்றவர்களுடைய 'இல்லை'களை வாயில் சுமப்பதுதான் மொழிபெயர்ப்பாளர் வேலை. அம்மாவோடு டாக்டரிடம் போய் நடுவில் உட்கார்ந்து பேசியிருந்தால் நீங்களும் எங்கள் ஆள்தான். அப்பா தார் எஸ் சலாமில் வாத்தியார். நான் ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும் படித்தவன். அந்தச் சுவாஹிலிதான் மெல்பேர்னில் சோறு போட்டது. இப்போது யாழ்ப்பாணம் திரும்பிவிட்டேன். சில சொற்கள் கூடவே வந்துவிட்டன.

முதலிலேயே மறுப்பு

தமிழில் 'வேலைக்கு வர' என்பதுவரை நம்பிக்கை இருக்கும்; 'இல்லை' கடைசியில்தான். சுவாஹிலியில் மறுப்பு வினைக்கு முன்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். 'நினாகுஜா' என்றால் வருகிறேன்; 'சிஜி' என்றால் வரவில்லை. மெல்பேர்ன் புறநகரான ட்ருகனினாவில், ஒரு கிடங்கில் சுவாஹிலி பேசும் தொழிலாளரிடம் ஞாயிறு வேலைக்கு ஆள் கேட்ட மேற்பார்வையாளர், எங்கள் ஊர்க்காரர், அலுத்துக்கொண்டார்: "அண்ணை, இவங்கள் வாயைத் திறக்கவே உங்கட மூஞ்சி மாறுது. பிறகு என்னத்துக்கு மொழிபெயர்ப்பு?"

அறுபது வயதில் 'பாடோ'

'பாடோ' என்றால் இன்னும் இல்லை. இனி நடக்கக்கூடிய எதற்கும் வெறும் 'இல்லை' சொல்லச் சுவாஹிலி பேசுகிறவர்களுக்கு மனம் வராது. டண்டினொங் புறநகரில் ஒரு டாக்டர் அறுபது வயதுக்காரரிடம் கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டார். "பாடோ." 'இன்னும் இல்லையாம்' என்று சொல்ல எங்கள் தொழிலில் இடமில்லை; 'இன்னும் இல்லை' என்றே சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டார். மனிதர் ஆவலோடு என் பக்கம் திரும்பினார்: "ஏன் சிரிக்கிறார்? அவருக்கு யாராவது பெண் தெரியுமா?"

'நாங்கள்'

பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்லவேண்டும். அது தொழில் விதி. ஸவாதி கொங்கோவிலிருந்து வந்தவள். ஓடிவந்த வழியில் பிரிந்துபோன மகனைத் தேடித்தரும்படி ஓர் அலுவலகத்தில் கேட்டிருந்தாள். அவனைப் பற்றி யார் விசாரித்தாலும் 'ஹஜாஜா' என்பாள், இன்னும் வரவில்லை. நடுவில் வரும் அந்த 'ஜ'தான் 'இன்னும்'. அங்கே 'கு' வந்தால் வெறும் 'இல்லை', கதை முடிந்தது.

அன்று அதிகாரி மெதுவாகத்தான் சொன்னாள்: தேடல் முடிந்தது, நாங்கள் அவனைக் கண்டுபிடிக்கவில்லை. முடிந்தது என்ற பிறகு 'ஜ' போட எனக்கு உரிமையில்லை. 'கு' போட்டு, "ஹதுகும்பாத்தா" என்றேன். ஸவாதி அதிகாரியைப் பார்க்கவில்லை. இத்தனை காலமும் தேடிவிட்டுக் கைவிட்டவன் நான்தான் என்பதுபோல என்னைப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்கள் தேடாவிட்டால் பரவாயில்லை, தம்பி. அவன் இன்னும் வரவில்லை. அதை அவளுக்குச் சொல்லிவிடு."

ஒரு சொல்கூடப் பிழைவிடாத மொழிபெயர்ப்பாளன் என்று எனக்குப் பெயர் உண்டு. அன்று ஓர் எழுத்தில் பிழைவிட்டு அந்தப் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம்.