மில்லுக்குள்ள பூந்து பின்படி

என் அண்ணன் என் கணவரை வெட்ட வந்தபோது நான் மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். அவர் இன்றைக்கு உயிரோடு இருப்பதற்கு அந்தக் காய்ந்த எண்ணெய்தான் காரணம். போலீஸ்காரர் அல்ல, சொந்தபந்தம் அல்ல, சாமி அல்ல. ஆனால் அண்ணன் எங்கள் வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு கம்ப்யூட்டர் வேலையில் ஆரம்பித்தது. அந்த வேலையைச் செய்தவளும் நான்தான்.

நான் பண்ருட்டிப் பக்கம். கொஞ்சம் பலா, கொஞ்சம் முந்திரி, ஏகப்பட்ட வறட்டு கௌரவம், இதுதான் எங்கள் குடும்பத்துச் சொத்து. அவர் கிள்ளைப் பக்கம். அவர் காலனி, நான் ஊர்த்தெரு. எங்கள் மாவட்டத்தில் இதற்கு மேல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்தைப் பதிவு செய்த அன்றைக்கே அண்ணன் போன் செய்தான்.

"எங்க போனாலும் தேடி வருவேன். தாலி கட்டுன கைய எடுக்கல, நான் எங்கப்பனுக்குப் பொறக்கல."

அவன் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. கல்லூரிக் காலத்தில் என் செல்போனை அம்மியில் வைத்துக் குழவியால் நசுக்கியவன். பெல்ட்டைக் கழற்றி என்னை அடித்துவிட்டு, அதே பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு கல்யாண விருந்துக்குப் போனவன். அதனால் நாங்கள் சிதம்பரத்தில் ஒரு மாவு மில்லின் மாடியில் ஒளிந்து குடியிருந்தோம். முன்பக்கக் கேட் எந்நேரமும் பூட்டியிருக்கும். மில்லுக்குள் புகுந்து, அரவை மிஷினைத் தாண்டி, பின்பக்கப் படியேறித்தான் வீட்டுக்கு வர முடியும். அதைப் பார்த்துத்தான் அந்த வீட்டையே பிடித்தோம்.

புதுச்சேரியில் இருக்கும் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தேன். வயிற்றில் குழந்தை தங்கிய சமயத்தில் புதிதாக ஒரு வேலை வந்தது. கடலூரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். பண்ருட்டி, சிதம்பரம், லால்பேட்டை என்று மாவட்டம் முழுக்கக் கிளைகள். எல்லாக் கிளைகளின் விவரமும் தினமும் காலையில் கிளவுடில் இருக்கும் ஒரே கிடங்குக்குப் போய்ச் சேரும். வேர்ஹவுஸ் என்று அதற்குப் பெயர். யார் வேண்டுமானாலும் யாருடைய சர்க்கரையையும், யாருடைய கர்ப்பத்தையும் திறந்து பார்க்கலாம் என்ற நிலையில் அது கிடந்தது. அதற்கு ஒரு காவல் மென்பொருளை இணைத்துத் தருவது என் வேலை. அது கிடங்கு அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு பத்தியையும் மோப்பம் பிடிக்கும். பெயர், போன் நம்பர், கதவு எண் என்று தெரிந்தால் 'தனிப்பட்ட விவரம்' என்று ஒரு சீட்டு ஒட்டும். சீட்டு ஒட்டிய இடமெல்லாம் கிடங்கு நட்சத்திரங்களாகக் காட்டும். உரிமை உள்ளவர் கண்ணுக்கு மட்டும்தான் எழுத்து தெரியும்.

இணைப்பு கொடுப்பதில் பெரிய கஷ்டம் இருக்கவில்லை. முதல் ஓட்டம் முடிந்து பார்த்தால், பெயரெல்லாம் நட்சத்திரம், போனெல்லாம் நட்சத்திரம். கடைசியில் ஒரு பத்தி மட்டும் அம்மணமாக நின்றது. அதன் தலைப்பு ரிமார்க்ஸ்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறவர்கள் அடித்து வைக்கும் குறிப்பு அது. நம் ஊரில் கதவு எண்ணை வைத்து யார் வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்? அதனால் உண்மையான விலாசமெல்லாம் ரிமார்க்ஸில்தான் இருக்கும். 'புள்ளையார் கோயில் சந்து, பச்சை கேட்டு, நாய் கடிக்கும்.' 'பாட்டிக்குக் காது கேக்காது, ஜன்னல் கிட்ட நின்னு கத்தவும்.' 'மருமவ முன்னாடி சுகர் பத்திப் பேசக் கூடாது.' தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்ததால் மென்பொருளுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆபத்தில்லாதது என்று முடிவு செய்து விட்டுவிட்டது.

படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிதம்பரம் கிளைக்கு வந்தேன். டாக்டர் கேட்டார் என்று அதற்கு முந்தைய மாதம் நானே அந்த லேபில் ரத்தம் கொடுத்திருந்தேன். பெயரை மாற்றித்தான் கொடுத்தேன். ரத்தம் எடுக்க வந்த தம்பிக்கு வழி சொல்லாமல் இருக்க முடியாதே. அவன் அழகாக எழுதி வைத்திருந்தான். 'மாவு மில் மாடி. முன் கேட் தொறக்காது. மில்லுக்குள்ள பூந்து பின்படி.'

அன்றைக்கே இன்னொன்றையும் பார்த்தேன். யார் யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியலை ஏற்றும்போது, பண்ருட்டிக் கிளை கணக்குப் பிரிவில் ஒரு பெயர். என் தாய்மாமன் மகன். நான் 'மாமா, மாமா' என்று கூப்பிட்டு வளர்ந்தவன், எனக்கென்று வீட்டில் பேசி வைத்திருந்தவன், அண்ணனின் உயிர்த்தோழன். அவன் அங்கே வேலைக்குச் சேர்ந்தது எனக்குத் தெரியாது. எல்லாக் கிளைகளின் விவரத்தையும் பார்க்கும் உரிமை அவனுக்கு இருந்தது.

என் வரியை மட்டும் அழிக்கலாம் என்றால், அழித்தது மறுநாள் காலையில் கிளையிலிருந்து மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் யாரையும் கேட்காமல் ரிமார்க்ஸ் முழுவதற்கும் சீட்டு ஒட்டினேன். மறுநாள் கடலூரிலிருந்து ஐ.டி. மேனேஜர் கூப்பிட்டார். வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்கள் வீட்டை ஒருவனாலும் கண்டுபிடிக்க முடியவில்லையாம். நேரில் வரச் சொன்னார். பஸ் ஏறிப் போனேன்.

"இன்னா மேடம் பண்ணி வச்சிருக்கீங்க? ரிமார்க்ஸ்ல இன்னா ரகசியம் இருக்குது? எடுத்துடுங்க."

"வீட்டுக்குப் போறவங்களுக்கு மட்டும் காட்டுறேன் சார். கணக்குல இருக்கறவருக்கு நாய் கடிக்கும்னு எதுக்குத் தெரியணும்?"

"அதுக்குத் தனித்தனியா ரோல் பிரிக்கணும். அதெல்லாம் அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம். மொதல்ல இத ஓட வுடுங்க."

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். காதல் கல்யாணம், அண்ணன், பண்ருட்டியில் இருக்கும் மாமா மகன், எல்லாம். அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"வீட்டுப் பிரச்சினைய சிஸ்டத்துக்குள்ள கொண்டு வராதீங்க மேடம்."

மேஜையில் இருந்த டீயைத் தட்டிவிட்டேன். அவர் சட்டை நனைந்தது, அவ்வளவுதான். அடுத்த அரை மணியில் புதுச்சேரியில் இருந்த என் முதலாளிக்குப் புகார் போய், என் கையில் இருந்த உரிமை பிடுங்கப்பட்டு, வேறொருவர் அந்தச் சீட்டைக் கிழித்தார். ரிமார்க்ஸ் மறுபடி அம்மணமாயிற்று. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லி அழுதேன். உடனே வேறு வீடு தேடலாம் என்றார். தேட ஆரம்பித்தோம்.

வீடு கிடைப்பதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மில் மூடியிருந்தாலும் மில்காரர் உள்ளே மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினார்கள்.

"லேப்லேர்ந்து வர்றோம். பிளட் எடுக்கணும்."

என் கணவர் கதவைத் திறந்துவிட்டார். முதல் வெட்டு இடது முன்கையில் விழுந்தது. சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் அருவாளை மறுபடி ஓங்கினான். கூட வந்த இரண்டு பேரில் ஒருவன் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். நான் என்ன நினைத்தேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றும் நினைக்கவில்லை. வாணலியைத் துணியோடு பிடித்துத் தூக்கி, எண்ணெயையும் மீனையும் அண்ணன் கழுத்தில் ஊற்றினேன். அவன் அலறிய அலறலைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அருவாள் கீழே விழுந்தது. மற்றவர்களை மில்காரர் இரும்புக் கம்பியோடு மேலே வந்து விரட்டினார். அண்ணன் படியில் உருண்டு எழுந்து ஓடினான். தரையெல்லாம் ரத்தமும் எண்ணெயும். நான் அதில் வழுக்கி விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தே போய் அவர் கையில் துண்டைச் சுற்றினேன்.

குழந்தை தப்பியது. அவர் கையும் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த விரல்கள் இனிமேல் மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அண்ணனையும் மற்ற இருவரையும் போலீஸ் பிடித்தது. லேப் பெயரைச் சொல்லிக்கொண்டு பின்படி வழியாக வந்ததை யோசித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடலூருக்குப் போனேன். கிடங்கில் யார் எப்போது எதைத் தேடினார்கள் என்ற பதிவு இருக்கும், அதை எடுக்கச் சொன்னேன். மேனேஜரே திறந்து காட்டினார். மாமா மகன் தேடியிருந்தான். பெண், என் வயது, ஓ நெகட்டிவ் ரத்தம். எங்கள் வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் அந்த ரத்தம், அது அவனுக்குத் தெரியும். கிளை கிளையாகத் தேடிக்கொண்டே சிதம்பரத்துக்கு வந்திருக்கிறான். பெயரில் நட்சத்திரம், போனில் நட்சத்திரம், பக்கத்தில் முழு வழியும். சீட்டைக் கிழித்த மறுநாள் நடந்த தேடல் அது.

விசாரணை என்று அவனைப் பண்ருட்டியிலிருந்து வரவழைத்தார்கள். கண்ணாடி அறையில் எனக்கு எதிரே காலைத் தூக்கிக் கால் மேல் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்குப் பாக்க ரைட்ஸ் குடுத்திருந்தாங்க. பாத்தேன். நான் அருவாளா எடுத்தேன்? பாக்கறது ஒரு தப்பா மேடம்?"

கையில் இருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை அவன் வாயைப் பார்த்து வீசினேன். உதடு கிழிந்து, ஒரு பல் மேஜையில் விழுந்தது. மேனேஜர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு, "ஒரு லேடீஸ் இப்படி நடந்துக்கலாமா?" என்றார். அவருக்கும் ஒன்று வீசியிருப்பேன், பாட்டில் ஒன்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு ரோல் பிரித்தார்கள். ரிமார்க்ஸை மறைத்தார்கள். வேறு யாரோ செய்தார்கள். என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். தேடல் பதிவைப் போலீஸிடம் கொடுத்தேன். பார்த்ததற்கு எந்தப் பிரிவில் கேஸ் போடுவது என்று தலையைச் சொறிந்துவிட்டு, கடைசியில் மாமா மகனையும் சேர்த்தார்கள். நாங்கள் கடலூரில் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். யாருக்கும் விலாசம் சொல்லவில்லை. பார்சலே வாங்கவில்லை. பெற்ற தாய்க்குச் சொல்லவில்லை. சம்மன் அனுப்ப வேண்டும் என்று போலீஸ்காரர் கேட்டார், அவருக்கு மட்டும் சொன்னோம்.

சிதம்பரம் கோர்ட்டில் வாய்தா. ஜாமீனில் இருந்த நான்கு பேரும் வந்திருந்தார்கள். அண்ணன் கழுத்தில் தோல் சுருங்கிக் கிடந்தது. நான் நிறைமாதம். குற்றப்பத்திரிகையின் நகலைக் குற்றவாளிகளுக்குக் கொடுக்க வேண்டுமாம். சட்டம் அப்படித்தான், அது அவர்களுடைய உரிமை என்று எங்கள் வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். ஒரு கிளார்க் ஆளுக்கொரு கட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்.

அண்ணன் வராந்தாத் தூணில் சாய்ந்து நிதானமாகப் புரட்டினான். சாட்சிகள் பட்டியல் வந்ததும் நின்றான். முதல் சாட்சி என் கணவர், இரண்டாவது நான். பெயர், தகப்பன் பெயர், இப்போதைய முகவரி. விரலை வைத்து வைத்துப் படித்தான். பிறகு மாமா மகனிடம் நீட்டினான். ஓட்டைப் பல்லைக் காட்டிக்கொண்டு அவனும் படித்தான். போகிற வழியில் அண்ணன் எங்கள் முன்னால் நின்றான்.

"மஞ்சக்குப்பமா? வாடக ஜாஸ்தியா இருக்குமே" என்றான். நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினான்.

வக்கீலிடம் ஓடினேன். முகவரியை மறைக்கச் சொல்லி மனு போடலாமே என்று கத்தினேன். "போடலாம்மா. ஆனா காப்பி கைக்குப் போயிடுச்சே" என்றார். பாவம், அவருக்கும் என்னைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. வீச என் கையில் அன்றைக்கு எதுவும் இல்லை. யார் மேல் வீசுவது என்றும் தெரியவில்லை. யாரும் தப்பு செய்யவில்லை, எல்லாரும் உரிமைப்படிதான் பார்த்தார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். கடலூர் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. கண்டக்டர் எங்கே என்று கேட்டார். என் கணவர் மடங்காத கையால் சட்டைப் பையிலிருந்து காசை எடுக்க முயன்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா போறது?"

"வூட்டுக்குத்தான்" என்றேன்.

"எந்த வூட்டுக்கு?" என்று அவர் கேட்டார்.