டாக்டர் வீட்டு ஹுமேரா

ஆம்பூரில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து டாக்டர் வீடு எது என்று கேட்டால், சின்னப் பிள்ளைகூட முக்தார் அகமது வீட்டைக் காட்டும். அந்த வீட்டில் டாக்டர் யாரும் கிடையாது. அவர் மகள் ஹுமேரா வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், இதயப் பிரிவில், டாக்டருக்கு உதவியாக வேலை பார்க்கும் பிசிசியன் அசிஸ்டென்ட். அவள் பட்டம் வாங்கிய அன்று, ஷூ கம்பெனி சூப்பர்வைசரான அப்பா, "பொண்ணு டாக்டராய்ட்டா" என்று தன் லைனில் வேலை செய்கிற எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டார். திருத்த வேண்டும் என்றுதான் ஹுமேரா நினைத்தாள். அப்புறம் அது அவளுக்கே இனித்தது. சாயங்காலம் பஸ் ஆம்பூரில் நிற்கும் முன்பே அடையாள அட்டையைக் கழற்றி டிபன் பைக்குள் போட்டுவிடுவாள். ஸ்டெதஸ்கோப் மட்டும் வெளியே தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹுமேரா சித்தி முறைக்கு 'காலா' என்று கூப்பிடும் எதிர்வீட்டு ஜஹீதா, தன் மகள் மஹீனோடு வந்தாள். ஹுமேராவை அக்கா முறைக்கு 'ஆபா' என்று கூப்பிடும் பெண். நீட்டில் மார்க் போதவில்லை. கையில் ஒரு காலேஜ் நோட்டீஸ்.

"இதுல பிசிசியன் அசிஸ்டென்ட்டுன்னு போட்டிருக்கான். நாலு வருசமாம். இன்னா படிப்பும்மா இது? நீ டாக்டரு, நீ சொன்னா சரி," என்றாள் ஜஹீதா.

ஊரிலேயே இதற்குப் பதில் சொல்லத் தகுதியான ஆள் ஹுமேராதான். அந்த வேலையின் நல்லதும் கெட்டதும் அவளுக்கு அத்துப்படி. எத்தனை வருடம் ஆனாலும் ஒரு டாக்டருக்குக் கீழேதான், கையெழுத்து அவருடையது. நேற்று வந்த சின்ன டாக்டரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். சம்பளம் ஏறுவதற்கு ரொம்ப யோசிக்கும். ஆனால் நாலே வருடத்தில் கையில் வேலை. நோயாளி தன் கஷ்டத்தை முதலில் சொல்வது அவளிடம். ஈசிஜியில் கோளாறைக் கண்டுபிடித்து டாக்டரை ஓடிவரச் செய்வதும் பல நாள் அவள்தான். குணமாகிப் போகும்போது அவளைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மஹீன் தாராளமாகச் சேரலாம்.

சேர்ந்தால் முதல் மாதமே ஹுமேரா யார் என்று மஹீனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் தெருவுக்கே தெரியும்.

"அது டாக்டருக்குப் பை தூக்குற வேலை காலா," என்றாள் ஹுமேரா. "இவளுக்கு எதுக்கு அதெல்லாம்? இன்னொரு வாட்டி நீட் எழுதட்டும்."

மஹீன் இன்னொரு வாட்டி எழுதினாள். அடுத்த வருடமும் எழுதினாள். பிறகு ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏற ஆரம்பித்தாள். காலையில் அந்த பஸ் வந்தால் ஹுமேரா போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வாள். சோறு போடும் வேலையைத் தன் வாயாலேயே கேவலப்படுத்தி, ஒரு பெண்ணின் வழியையும் அடைத்துவிட்டோமே என்று கூசிப்போவாள். கூசினாளே தவிர உண்மையைச் சொல்லவில்லை.

போன மாதம் ஜஹீதாவுக்கு நெஞ்சுவலி. டாக்டர் ஆபா இருக்கிறாரே என்று மஹீன் நேராக அந்த ஆஸ்பத்திரிக்கே அம்மாவைக் கூட்டி வந்தாள். ஹுமேரா ஈசிஜியைப் பார்த்த மறு நிமிடம் டாக்டரை வரவழைத்தாள். ஜஹீதா பிழைத்துக்கொண்டாள். அந்த ஓட்டத்தில் கழுத்து அட்டையைத் திருப்பிப் போட ஹுமேராவுக்குத் தோன்றவில்லை. மஹீன் அதைப் பார்த்தாள். பெயரையும், பெயருக்குக் கீழே இருந்ததையும் நிதானமாகப் படித்தாள்.

"நம்ம ஹுமேராதானே பாத்தா?" என்று கட்டிலிலிருந்து ஜஹீதா கேட்டாள்.

"ஆமா அம்மி. டாக்டர் ஆபாதான் பாத்தாங்க," என்றாள் மஹீன்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஹுமேரா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. வெளியே வராந்தாவுக்கு வந்தாள். மஹீனும் பின்னாலேயே வந்து, அவள் கழுத்து ஸ்டெதஸ்கோப்பையும் கையிலிருந்த ஈசிஜி தாளையும் பார்த்தாள்.

"பை எங்க ஆபா?" என்று மெதுவாகக் கேட்டாள்.